டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எப்போது பீடி சுற்ற உட்காரலாம்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியும். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 49 வயது, சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறவர், சர்க்கரையும் உண்டு. கீழ்முதுகில் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கி இடது கால் நரம்பை அழுத்தியதால் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் முடிந்திருக்கிறது. திருகு, கம்பி எதுவும் வைக்கவில்லை. கால் கடுப்பு போய்விட்டது. ஆனால் இடது பெருவிரலிலும் பாதத்தின் மேல்பக்கத்திலும் மதமதப்பு போகவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. ஆச்சி மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவே கூடாது என்கிறார். பக்கத்து வீட்டில் வர்மம் பார்ப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு, அம்மா எப்போது மறுபடி பீடி சுற்ற உட்காரலாம் என்று கேட்கிறீர்கள். இடுப்புப் பெல்ட் கட்ட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியமாகக் கேட்டது தேதி. ஆனால் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மதமதப்பு போகாததால் ஆபரேஷன் தோற்றுவிட்டதா என்பது ஒன்று. படுத்தே கிடப்பது நல்லதா கெட்டதா என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் தேதிக்குப் போக முடியும். நான் பிசியோதெரபிஸ்ட், திருநெல்வேலிப் பக்கத்தில் பல வருடமாக இந்த மாதிரி ஆட்களைத்தான் பார்க்கிறேன். ஆபரேஷன் செய்கிறவன் இல்லை. அம்மாவின் எம்.ஆர்.ஐ.யும் டிஸ்சார்ஜ் சம்மரியும் என் கையில் இல்லை. அதனால் நான் சொல்வதும் அறுவை செய்த டாக்டர் சொன்னதும் முட்டினால், அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மதமதப்பு விஷயம். எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கும்போது பெரும்பாலும் மாட்டுவது எல்5 நரம்பு. பெருவிரலுக்கும் பாதத்தின் மேல்பக்கத்துக்கும் உணர்ச்சி கொண்டுபோவது அதுதான். நீங்கள் எழுதியிருக்கிற இடம் அதோடு அப்படியே பொருந்துகிறது. ஆபரேஷனில் டாக்டர் செய்தது, நரம்பை அழுத்திக்கொண்டிருந்த துண்டை எடுத்துவிட்டது. அழுத்தம் போனதும் வலி முதலில் போகும், சிலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே போய்விடும். பலம் அப்புறம் வரும். உணர்ச்சி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். மிதிபட்ட புல் காலை எடுத்த உடனே நிமிர்ந்துவிடுவதில்லை. அழுத்தத்தில் வெறுமனே சோர்ந்துபோன நரம்பு என்றால் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தேறும். உள்ளே இழையே சேதப்பட்டிருந்தால் அது மறுபடி வளர வேண்டும். அந்த வளர்ச்சி நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் ஐந்தாவது வாரத்தில் மதமதப்பு இருப்பதைத் தோல்வி என்று சொல்லவே முடியாது. கால் கடுப்பு போய்விட்டது என்பதுதான் பெரிய சாட்சி, நரம்பு விடுபட்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் எத்தனை மாதம் மரத்துக் கிடந்தது என்பதைப் பொறுத்து, ஒரு சின்ன இடம் நிரந்தரமாக மந்தமாகவே நின்றுவிடுவதும் உண்டு. அதை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

சர்க்கரை இருப்பதால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் வரும் மதமதப்பு பொதுவாக இரண்டு காலிலும், விரல் நுனியிலும் உள்ளங்காலிலும் ஒன்றுபோல இருக்கும். அம்மாவுக்கு வலது காலும் அப்படி இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இருந்தால், அந்தப் பங்கை எந்த முதுகு ஆபரேஷனும் சரி செய்யாது. எப்படியானாலும் உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எதுவும் வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளம் போட்டு, சர்க்கரையோடு சேர்ந்து அது ஆறாத புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாது என்பதால் பின்னால் வார் உள்ள செருப்பாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இனி ஆச்சியின் மூன்று மாதப் படுக்கை. ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் படுக்கப்போட்டார்கள். ஆனால் இதில் இப்போது சந்தேகமே கிடையாது. நீண்ட படுக்கை கெடுதல். முதுகைத் தாங்குகிற தசை மெலிகிறது, மலச்சிக்கல் வருகிறது, காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைகிற ஆபத்து கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது. இந்த ஆபரேஷன் ஆனவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ நடக்க வைத்துவிடுகிறார்கள். நடப்பதுதான் முதல் மருந்து. ஐந்து வாரம் படுத்தே இருந்திருந்தால், வீட்டுக்குள் ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை என்று ஆரம்பித்து, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஒரே மூச்சில் அரை மணி நேரம் வரை கொண்டுபோகலாம். வெயிலுக்கு முன்னால், சமதளமான தெருவில். குளத்துக்கரையில் வேண்டாம், கல்லும் பள்ளமுமாக இருக்கும், மதமதத்த காலுக்கு ஆகாது. படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் நேராக எழாமல், முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து புரள ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அப்புறம் ஒன்று, தொட்டிலாகத் தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் படுக்க வேண்டாம். அதற்காகத் தரையில்தான் படுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடுத்தரமான மெத்தை போதும்.

தேதிக்கு வருகிறேன். இங்கேதான் உறுதி குறைகிறது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு டாக்டர் இரண்டு வாரத்தில் உட்காரலாம் என்பார், இன்னொருவர் ஆறு வாரம் என்பார், மூன்றாமவர் மூன்று மாதம் என்பார். மூவரும் நல்ல டாக்டர்களாகவே இருப்பார்கள். காரணம், உட்காருவதைத் தடுத்து வைத்தால் டிஸ்க் மறுபடி பிதுங்குவது குறையும் என்று யாரும் தெளிவாக நிரூபித்ததில்லை. 1990களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கராகி என்ற அறுவை நிபுணர், எந்தக் கட்டுப்பாடும் வைக்காமல் முடிந்தபோது வேலைக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிப் பார்த்தார். கெடுதல் எதுவும் கூடிவிடவில்லை. உட்கார்ந்தால் டிஸ்க்கில் அழுத்தம் ஏறும் என்ற பயம் சுவீடனைச் சேர்ந்த நாகெம்சன் 1960களில் செய்த அளவுகளிலிருந்து பரவியது. 1999இல் ஜெர்மனியில் வில்கேயும் கூட்டாளிகளும் ஒரே ஒரு ஆளின் டிஸ்க்குக்குள் கருவியை வைத்து அளந்தபோது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருந்த அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிடக் கூடவில்லை. ஒரு ஆளை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதே அளவில் கிடைத்த இன்னொரு எண்ணை நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வது வழக்கம். நின்றுகொண்டு முன்னால் குனிந்தபோது அழுத்தம் நிமிர்ந்து நின்றதைப் போல இரண்டு மடங்கு. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது நாலு மடங்குக்கும் மேல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் பெண்களுக்கு “ரெஸ்ட்” என்றால் பீடித் தட்டைத் தொடாமல் இருப்பது மட்டும்தான். காலையில் முற்றம் தூத்துத் தெளித்துக் கோலம் போடுவதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை. இடுப்பை மடக்கிக் குனிந்தபடியே பத்து நிமிடம் நிற்கிற வேலை அது. குழாயடியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் எடுத்து ஒரு பக்க இடுப்பில் வைப்பது, ஏறக்குறைய 15 கிலோ. கல்லில் துணி துவைப்பது, தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்குவது, இட்லி மாவுப் பானையைக் கீழேயிருந்து தூக்குவது. “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “ஒண்ணும் செய்யல சார், சும்மாதான் இருக்கேன்” என்பார்கள். கூட வந்திருக்கிற மகளிடம் கேட்டால்தான் குடக் கணக்கு வரும். உங்கள் அம்மா படுத்தேதான் இருக்கிறாரா, அல்லது நீங்கள் போனில் கேட்கும்போது மட்டும் படுத்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற யாரையாவது விசாரியுங்கள். என் பார்வையில், பீடியை எத்தனை வாரம் தள்ளிப்போடுவது என்று கவலைப்படுவதைவிட, குனிந்து செய்கிற இந்த வேலைகளைத் தம்பியோ அப்பாவோ மூன்று மாதத்துக்கு ஏற்றுக்கொள்வது அம்மாவின் முதுகுக்குப் பல மடங்கு உதவும். முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். நிறைகுடம் மூன்று மாதத்துக்கு வேண்டவே வேண்டாம். நின்றபடி பெருக்க நீளக் கம்பு வைத்த விளக்குமாறு வாங்கலாம். கோலத்தை ஒரு சீசனுக்கு மதினி போட்டால் வாசல் கோபித்துக்கொள்ளாது.

பீடிக்கு வருவோம். ஆறு வாரம் முடிந்து, டாக்டர் பார்த்துச் சரி என்றால், நாற்காலியில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பிக்கலாம். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, பாதம் தரையில் பட வேண்டும். இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் தட்டை வைத்தால் கை உயரத்துக்கு வரும், கழுத்தும் முதுகும் அவ்வளவு வளையாது. ஒரு தடவைக்கு 20 நிமிடம், போனில் மணி வைத்துக்கொள்ளட்டும். மணி அடித்ததும் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வர வேண்டும். இலை வெட்டுவது ஒரு நேரம், சுற்றுவது ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் வழக்கமான எண்ணிக்கையில் கால் பங்கு. ஆயிரம் சுற்றுகிறவர் என்றால் 250 போதும். அடுத்த நாள் காலையில் இடுப்பு வலி கூடியிருந்தால் கூட்டாதீர்கள், கூடவில்லை என்றால் மெல்லக் கூட்டலாம். இடுப்பில் லேசான வலி வந்து, எழுந்து நடந்ததும் குறைந்தால் பயப்பட வேண்டாம், வெட்டிய தசை பழகுகிறது. காலில் இறங்குகிற வலி வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு, சொளவை (முறத்தை) மடியில் வைத்துச் சுற்றுவது மூன்று மாதத்துக்கு அப்புறம்தான். டிஸ்க்கின் வெளிச்சுவரில் ஏற்பட்ட கிழிசல் தழும்பாகிக் கெட்டிப்படுவதற்கு அந்த அளவு காலம் தேவை, டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சம்மணத்தில் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கீழ்முதுகு கூன் போடும். அப்போது சுவரோடு ஒட்டி, ஒரு செங்கல் உயரத்துக்குக் கெட்டியான தலையணையையோ மணையையோ அடியில் போட்டு உட்கார்ந்தால் அந்தக் கூன் நிறையக் குறையும். பீடிக் கடையில் கணக்கு விட்டுப்போகுமே என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும், அது எனக்குப் புரிகிறது. பலர் ஐந்தாவது வாரமே ரகசியமாக உட்கார்ந்துவிடுவது அதனால்தான். இலைக்கட்டையும் தூளையும் கடையிலிருந்து சுமந்து வருகிற வேலையையாவது அவரிடம் விடாதீர்கள். இந்த ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே டிஸ்க் மறுபடி பிதுங்குகிறது. அதில் எத்தனை பேர் உட்கார்ந்ததால், எத்தனை பேர் தூக்கியதால், எத்தனை பேர் எதுவுமே செய்யாமல் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. என் வரம்பும் அதுதான்.

பெல்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருகு போடாத ஆபரேஷனுக்குப் பெல்ட் கட்டாயம் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பஸ்ஸில் போகும்போது தைரியத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். வீட்டில் நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பிவிடும். பஸ் என்றதும் நினைவு வருகிறது, செக்கப்புக்கு வரும்போது மினிபஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார வேண்டாம், நடுவில் உட்காரட்டும். டூ வீலரில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருவது இடுப்பை முறுக்கும், இந்த மூன்று மாதத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி வர்மம், தொக்கணம் (சித்த மருத்துவ மசாஜ்), எண்ணெய்ப் பிழிச்சல் இதெல்லாம். பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்முடையது, அந்த மருத்துவத்தின் மேல் எனக்கு இளக்காரம் இல்லை. ஆனால் ஆபரேஷன் ஆன இடத்தை அமுக்குவது, முறுக்கிச் சொடக்கு எடுப்பது, காலைப் பிடித்து இழுப்பது, இவை இப்போது கூடவே கூடாது. அந்த இடத்தில் நரம்பை மூடியிருந்த எலும்பில் கொஞ்சம் எடுக்கப்பட்டிருக்கும் என்பது தடவுகிறவருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு அப்புறம், தையல் நன்றாக ஆறியிருந்தால், காலுக்கு லேசாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. அது நரம்பை வளர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சுகமாக இருக்கும், அவ்வளவுதான். குற்றால சீசனில் அருவிக்கு முதுகைக் காட்டலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். இந்த சீசனை விட்டுவிடச் சொல்வேன். தண்ணீர் அடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பாசிப் பாறையில் மதமதத்த காலோடு நிற்பதுதான் என் பயம்.

சாப்பாட்டில் கத்தரிக்காய், கருவாடு என்று பத்தியம் வைத்து எதையும் நிறுத்த வேண்டியதில்லை. முட்டை, மீன், பயறு, சுண்டல் தாராளமாகக் கொடுங்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும். இடுப்புக்கு உளுந்தங்களி கிண்டித் தருவார்கள், உளுந்தும் நல்லெண்ணெயும் நல்லதுதான், கருப்பட்டிதான் அம்மாவுக்கு ஆகாது. கருப்பட்டியில் சர்க்கரை ஏறாது என்பது நம் ஊர் நம்பிக்கை, மீட்டர் அதை ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீர், கீரை, பழம் இருந்தால் முக்காமல் மலம் போகும். தரையோடு குத்தவைத்துப் போகும் கக்கூஸ் என்றால் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி கடையில் கிடைக்கும், சில வாரத்துக்கு அது போதும்.

இதே கேள்வியைத் திருகு, கம்பி வைத்தவர்களும் வாசிப்பார்கள். உங்களுக்கு நான் மேலே சொன்ன வாரக் கணக்கு பொருந்தாது. இரண்டு எலும்பு ஒன்றாக ஒட்ட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். புகை பிடிப்பவர்களுக்கு ஒட்டாமலே போகிற வாய்ப்பு கூடுதல். குனிவது, தூக்குவது எல்லாம் உங்கள் டாக்டரின் எக்ஸ்ரே கணக்குப்படிதான்.

கீழே சொல்வது எதிலும் சந்தேகம் கிடையாது, ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் பொருந்தும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, மர்ம உறுப்பைச் சுற்றியும் உள்தொடையிலும் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது, இதில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி என்றாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கு, முடியாவிட்டால் 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு. காய்ச்சல், தையலில் சீழ், குறைந்திருந்த முதுகுவலி திடீரென்று புரளவே முடியாத அளவு கூடுவது கிருமித் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் ஒரு கண் எப்போதும் வேண்டும். தையலில் தெளிந்த தண்ணீர் கசிந்து, எழுந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் தண்டுவட நீர்க் கசிவு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அதுவும் உடனே பார்க்க வேண்டியது.

அடுத்த செக்கப்புக்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா குதிகாலில் மட்டும் பத்து எட்டு நடக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இடது பாதத்தின் முன்பகுதி தரையில் விழுந்தால், அல்லது பெருவிரலை மேலே தூக்கும்போது உங்கள் தம்பி ஒரு விரலால் அழுத்தினாலே அது இறங்கிவிட்டால், அது பலக்குறைவு. மதமதப்பு மாதிரி அதை விட்டுப்பிடிக்க முடியாது, செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அதே சமயம் நரம்பு வலிக்கான கபாபென்டின் மாத்திரையோ பிரிகாபலின் மாத்திரையோ தந்திருந்தால், வலி போய்விட்டது என்று ஒரே நாளில் நிறுத்திவிடாமல் எப்படிக் குறைப்பது என்றும் கேட்டுக்கொள்ளட்டும். பிசியோவுக்கு வாராவாரம் பாளை வரை வர முடியாது என்றால், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். குதிகால் நடையில் என்ன தெரிந்தது, வலது காலில் மதமதப்பு உண்டா இல்லையா, இந்த இரண்டையும் இங்கே எழுதினீர்கள் என்றால் எந்தப் பயிற்சியில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.